கோடையில் நாய்களுக்கு மொட்டை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பங்குனி பிறந்தால் போதும், மன்னார்குடித் தெருக்களில் மொட்டையடித்த பொமரேனியன்களைப் பார்க்கிறேன். கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கியைக்கூட விடுவதில்லை. "வெயிலுக்குப் பாவம் சார், அதான் எடுத்துட்டோம்" என்கிறார்கள். பிரியத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இந்த இனங்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற குட்டை முடி. கோடை வந்தால் அடிமுடி தானே உதிரும். உதிர்ந்தது வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டால் தோலுக்குக் காற்று போகாது, நாய் புழுங்கும். எடுக்க வேண்டியது அதை மட்டும்தான். மேல்முடி வெயிலைத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. அதை ஒட்ட மழித்தால் தோல் சிவந்து வெந்துபோகும். சில நாய்களுக்கு முடி திரும்ப வர ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். வந்தாலும் திட்டுத்திட்டாக வரும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு நாய்க்கு முதுகில் இன்னும் முளைக்கவில்லை. மழித்த கடைக்காரர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். (ஷீட்ஸு இன நாய்க்குப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் முடியை வெட்டலாம். நோய்க்காக மருத்துவர் மழிக்கச் சொல்வதும் வேறு.)

அகலப் பல் வைத்த இரும்புச் சீப்பு ஒன்று போதும். சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, வாலடி எல்லாம் பொறுமையாகச் சீவுங்கள். சடை விழுவது அங்கேதான். சீவும்போதே உண்ணியும் கண்ணில் பட்டுவிடும். குளிப்பாட்டினால் அடிமுடி வரை காயவிட வேண்டும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே ஈரம் நின்று புண்ணாகிவிடும். நாம் போடும் சோப்பு அதற்கு வேண்டாம்.

இன்னொன்று. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் கொஞ்சம்தான். மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. அதனால் திருச்சி அளவுக்கு வெயில் இல்லையே என்று நாகை, வேதாரண்யம் பக்கம் அசட்டையாக இருக்கக் கூடாது. நாயின் உடல் சூடு சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41 ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் ஒழுகித் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அடிபம்பிலோ கிணற்றிலோ எடுத்து ஊற்றுங்கள்.

கத்திரி வெயில் தொடங்குமுன், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்களிடம் கேட்டு இதைப் பற்றி ஒரு விரிவான கட்டுரையைத் தங்கள் நாளிதழின் தஞ்சை, திருவாரூர், நாகை பதிப்புகளில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
மன்னார்குடி.