தமிழ் சேனல்காரங்களுக்கு: அப்புசாமிக்கு ஒரு அரை மணி நேரம் குடுங்க

வணக்கம். எந்த நேரத்துல எந்த சீரியல்னு முடிவு பண்ற எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதறேன். ப்ரைம் டைம்ல ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, நம்ம வார இதழ்கள்ல வந்த நகைச்சுவைக் கதைகளை வெச்சு ஒரு காமெடி சீரியல் பண்ணுங்க.

ஓடாதுன்னுதான் முதல்ல சொல்லுவீங்க. 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'ங்கற ஹிந்தி காமெடி சீரியல் 2008 ஜூலைல சப் டிவில ஆரம்பிச்சது, நாலாயிரம் எபிசோடைத் தாண்டி ஓடிட்டு இருக்கு. அதுக்கு அடிப்படை என்னன்னு பாத்தீங்கன்னா, 'சித்ரலேகா'ங்கற குஜராத்தி வார இதழ்ல 1971ல இருந்து தாரக் மேத்தா எழுதின பத்தி, அவ்ளோதான். எலக்ட்ரானிக்ஸ் கடை வெச்சிருக்கற ஜேட்டாலால், இத்தனை வயசாகியும் அப்பா சம்பக்லால் குரல் கேட்டா நடுங்கறாரு, வீட்டுக்குள்ள வால் பையன் டப்பு, வெளில கோகுல்தாம் சொசைட்டிங்கற அவங்க குடியிருப்பு முழுக்க ஊர் ஊரா வந்த ஜனங்க. அதுல ஐயர்னு ஒரு தமிழ் சயின்டிஸ்ட்டும் உண்டு (நடிக்கறவர் தமிழர் இல்ல, பல சீன்ல வெறும் ஆக்சென்ட்தான் நிக்குது, நம்ம ஆளை நாமளே எழுதினா எப்படி இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் தோணும்).

வாரப் பத்தி எழுதறவருக்கு வாராவாரம் அதே மனுஷங்க, புதுசா ஒரு சின்ன வம்பு, அது தீர்ந்ததும் அடுத்தது, யாருக்கும் வயசாக வேண்டாம், யாரும் யாருக்கும் விஷம் வைக்க வேண்டாம். தினசரி டிவிக்கு வேண்டியதும் அதேதானே.

நம்மகிட்ட இது இல்லையா என்ன? பாக்கியம் ராமசாமிங்கற பேர்ல ஜ.ரா. சுந்தரேசன் குமுதத்துல எழுதின அப்புசாமியும் சீதாப்பாட்டியும் போதும். பாட்டி, பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவி, பேசறதுல பாதி இங்கிலீஷ், அப்புசாமித் தாத்தா பாட்டிகிட்ட காசு கறக்க தன் கூட்டாளிங்க ரசகுண்டுவையும் பீமாராவையும் சேர்த்துக்கிட்டு ஒரு திட்டம் போடுவாரு, அது கவுந்துடும், கடைசில அதே பாட்டிதான் வந்து காப்பாத்தணும். ஓவியர் ஜெயராஜ் படம் போட்டு ரெண்டு பேர் முகமும் நமக்கு அத்துப்படி. எழுத்தாளர் தேவனோட நகைச்சுவைக் கதையான துப்பறியும் சாம்புவை தூர்தர்ஷன்ல காத்தாடி ராமமூர்த்தி பண்ணினதை இன்னும் பேசறவங்க இருக்காங்க, அதனால இது புது விஷயம்கூட இல்ல.

ஆனா ஒண்ணு, இழுக்காதீங்க. அந்த ஹிந்தி சீரியல்ல ஜேட்டாலால் மனைவி தயாபென்னா நடிச்ச திஷா வகானி 2017ல லீவுல போனப்புறம் வருவாங்க வருவாங்கன்னு அந்த இடத்தை வருஷக்கணக்கா காலியா வெச்சிருந்தாங்க, ஒரு எபிசோடுக்கான விஷயத்தை நாலஞ்சுக்கு நீட்டினாங்க, பாத்துப் பாத்து சிரிச்சவங்களுக்கே அலுத்துப்போச்சு. கதை தீர்ந்தா நிறுத்திட்டு, நல்ல நகைச்சுவை எழுதறவங்க நாலு பேரை உக்கார வெச்சு, அவங்களுக்கு டைம் குடுத்து அடுத்த சீசனோட திரும்பி வாங்க. வசனம் ஷூட்டிங் ஸ்பாட்ல எழுதிக்கலாம்ங்கற பழக்கம் இதுக்கு ஆகவே ஆகாது.

இன்னொண்ணு, அந்த ஹிந்தி சீரியல்ல எழுத்தாளர் பேர் தலைப்புலயே இருக்கு, கதை சொல்ற கேரக்டரும் அவர் பேர்லதான். தாரக் மேத்தாவும் நம்ம ஜ.ரா.சு.வும் ஒரே வருஷம், 2017லதான் போனாங்க. அவரை ஹிந்தி சீரியல் பாக்கற சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும், இவரை நம்ம பசங்களுக்குத் தெரியல. அதனால குடும்பத்துக்கிட்ட முறையா ரைட்ஸ் வாங்கி, உரிய பணத்தைக் குடுத்து, 'பாக்கியம் ராமசாமியின்'னு தலைப்புலயே பெருசா போடுங்க.