1815-ம் வருஷமும் நம்ம வராண்டா செவுரும்: பெற்றோர்களுக்கு ஒரு லெட்டர்

அன்பான அப்பா அம்மாக்களுக்கும், பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து விடுற தாத்தா பாட்டிங்களுக்கும் வணக்கம்.

ரெண்டு வாரமா ஒன்பதாம் கிளாஸ் பசங்க வீட்டுக்கு வந்தா 1815, 1815னு அதையே பேசிட்டு இருக்காங்க, கம்பளி நூல் கேக்குறாங்க, சார்ட் கேக்குறாங்க, இது பரீட்சைக்கு வருமா வராதான்னு நிறைய பேர் போன் பண்ணி கேட்டீங்க, சில பேர் காலைல கேட்லயே நிறுத்தி கேட்டீங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றத விட ஒரே லெட்டரா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டு நிதானமா படிங்க.

பரீட்சைக்கு இது நேரா வராது. அத முதல்லயே சொல்லிடறேன். நம்ம புக்ல பிரான்ஸ் ஒரு பாடம், இங்கிலீஷ்காரங்க ஆட்சி ஒரு பாடம், எரிமலை புவியியல்ல எங்கயோ ஒரு பாடம். பசங்க நல்லாவே படிக்கிறாங்க, வருஷத்தையும் மனப்பாடமா சொல்றாங்க. ஆனா ஜூன் மாசம் ஒரு நாள் கிளாஸ்ல போய், நெப்போலியன் தோத்த வாட்டர்லூ சண்டை நடந்த வருஷம் இலங்கைல என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். ஒரு கை கூட தூக்கல. அது புள்ளைங்க தப்பு இல்ல, நாங்க சொல்லிக் குடுக்குற முறை அப்படி. ஒவ்வொரு நாடும் தனித்தனி பெட்டில பூட்டி வச்ச மாதிரி இருக்கு அவங்களுக்கு. அதான் ஒரே ஒரு வருஷத்த எடுத்து, அந்த வருஷம் உலகம் பூரா என்ன நடந்துச்சுன்னு வராண்டா செவுத்துல மாசம் மாசமா ஒட்டி, எதுக்கும் எதுக்கும் தொடர்பு இருக்கோ அங்க நூல் கட்டணும்னு சொல்லிட்டோம்.

நூலுக்கு ஒரு ரூல் வச்சோம், முக்கியமான விஷயமே இதுதான். ஒண்ணால இன்னொண்ணு நடந்துச்சுன்னா சிவப்பு நூல். ஒரே சமயத்துல நடந்துச்சு, அவ்ளோதான்னா வெள்ளை நூல். சிவப்பு கட்டணும்னா எப்படி, எதனாலன்னு கிளாஸ் முன்னாடி நின்னு சொல்லணும், மத்த புள்ளைங்க கேள்வி கேப்பாங்க, பதில் சொல்ல முடியலன்னா நூல அவுத்துட்டு வெள்ளை கட்டிக்கணும். முதல் நாள் செவுரு பூரா சிவப்பாதான் இருந்துச்சு, இப்ப பாதிக்கு மேல வெள்ளை ஆயிடுச்சு, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

ஜனவரில அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு சண்டை. இங்கிலாந்தும் அமெரிக்காவும் சமாதானம்னு பெல்ஜியம் பக்கம் கென்ட்ங்கிற ஊர்ல 1814 டிசம்பர் 24ம் தேதி கையெழுத்து போட்டுட்டாங்க, ஆனா அந்த சேதி கப்பல்ல கடல் தாண்டி வர்றதுக்குள்ள, ஜனவரி 8ம் தேதி ரெண்டு பக்கமும் அடிச்சிக்கிட்டு நூத்துக்கணக்குல ஆளுங்க செத்துட்டாங்க. இத கேட்டுட்டு ஒரு பையன் "யாராச்சும் ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே"ன்னான். யாரும் சிரிக்கல.

அடுத்தது பிப்ரவரி, மார்ச். இங்கதான் பசங்க ரொம்ப நேரம் நின்னாங்க. பிப்ரவரி 18ம் தேதி இலங்கைல கண்டி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் மெதமஹநுவர பக்கம் பிடிபடுறாரு. பிப்ரவரி 26ம் தேதி எல்பா தீவுல அடைச்சு வச்சிருந்த, பிரான்ஸ் சக்கரவர்த்தியா இருந்த நெப்போலியன் ஏறக்குறைய ஆயிரம் பேரோட தப்பிச்சு கப்பல் ஏறுறாரு. மார்ச் 1ம் தேதி அவர் பிரான்ஸ் கரைல கால் வைக்கிறாரு, அதுக்கு மறுநாள் மார்ச் 2ம் தேதி கண்டில ஒப்பந்தம் கையெழுத்தாகுது, இங்கிலீஷ் கவர்னர் பிரவுன்ரிக்கும் கண்டி பிரதானிகளும் கூடி ராஜாவ இறக்கிட்டு, ராஜ்யத்த இங்கிலாந்து ராஜா கைல குடுத்துடறாங்க. ஒரு பக்கம் ஒருத்தர் சிம்மாசனத்த தேடி ஓடி வராரு, இன்னொரு பக்கம் ஒருத்தர் கைய விட்டு சிம்மாசனம் போகுது, ஒரே வாரத்துல.

இதுக்கு வெள்ளை நூல்தான்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்ப ஒரு பொண்ணு எழுந்து, இல்ல சார், இங்கிலீஷ்காரங்க இலங்கைக்குள்ள எப்படி வந்தாங்கன்னு பாருங்க, பிரெஞ்சுக்காரங்க டச்சுக்காரங்க நாடான ஹாலந்த பிடிச்சதாலதானே அவங்க கைல இருந்த இலங்கை கரையோரத்த 1796ல இவங்க எடுத்துக்கிட்டாங்க, அந்த கரையோரம் இருந்ததாலதானே கண்டி மலைக்கு படை ஏற முடிஞ்சுதுன்னு சொன்னா. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். நூலகத்துல தேடி தானே படிச்சிருக்கா. நேரா நெப்போலியன்ல இருந்து கண்டிக்கு நூல் போகல, நடுவுல 1796ல ஒரு ஆணி அடிச்சு அது வழியா சிவப்பு போகுது. 28 வருஷமா வாத்தியார் வேலை பாக்குறேன், அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போறப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஏப்ரல் மாசம்தான் செவுத்துல பெரிய இடம். இந்தோனேசியால சும்பாவா தீவுல தம்போரான்னு ஒரு மலை. ஏப்ரல் 5ம் தேதி முதல்ல வெடிச்சுது. ஜாவால யோக்யகர்த்தா வரைக்கும், கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் தள்ளி, பீரங்கி சத்தம் மாதிரி கேட்டுருக்கு, யாரோ பக்கத்து காவல் நிலையத்த தாக்குறாங்கன்னு அங்க இருந்து படைய அனுப்பியிருக்காங்க, ஏதோ கப்பல் ஆபத்துல மாட்டிக்கிச்சோன்னு கடலோரமா படகு போயிருக்கு. 10ம் தேதி சாயங்காலம் வந்துது பெரிய வெடிப்பு. சத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி சுமத்ரா வரைக்கும் போச்சு. 4,000 மீட்டருக்கு மேல இருந்த மலை இப்ப சுமார் 2,850 மீட்டர்தான், மிச்சம் தூளா வானத்துக்கு போயிடுச்சு, உச்சில 6 கிலோமீட்டர் அகலத்துக்கு பெரிய பள்ளம். மனுஷன் எழுதி வச்ச வரலாறுலயே இவ்ளோ பெரிய வெடிப்பு வேற இல்ல.

வெடிச்சப்ப செத்தவங்கள விட அப்புறம் பட்டினில செத்தவங்க அதிகம். சாம்பல் விழுந்து வயல் போச்சு, தண்ணி கெட்டுப் போச்சு. மொத்தம் 70,000 பேருக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க. அரிசி எடுத்துக்கிட்டு அந்த தீவுக்கு போன ஓவன் பிலிப்ஸ்ங்கிற லெப்டினன்ட் எழுதி வச்சிருக்காரு, வழியெல்லாம் பொணம், ஊருங்க காலியா கிடக்குன்னு. சங்கர்ங்கிற ஊர் ராஜாவோட சொந்த மகளே பசியால செத்துப் போயிருக்கா. ராஜா வீட்டுலயே சோறு இல்ல. இத படிச்ச அன்னிக்கு மதியம் சத்துணவு தட்டுல ஒரு பருக்கை மிச்சம் இல்லன்னு சமையல் அம்மா வந்து சொன்னாங்க.

அப்புறம் அடுத்த வருஷம் 1816. அந்த எரிமலைல இருந்து போன கந்தக வாயு மேல மேல போய் உலகத்த சுத்தி மெல்லிசா திரை கட்டின மாதிரி வெயில தடுத்துடுச்சு. அமெரிக்கால நியூ இங்கிலாந்து பக்கம் ஜூன் மாசத்துல பனி விழுந்துச்சு, சுவிட்சர்லாந்துலயும் ஜெர்மனிலயும் பயிர் அழுகி ரொட்டி விலை ஏறி ஜனங்க பிச்சை எடுத்தாங்க, சீனால யுனான்ல நெல்லு போச்சு. கோடையே வராத வருஷம்னு அதுக்கு பேர். ஏன் இப்படி ஆச்சுன்னு அன்னிக்கு அந்த ஜனங்கள்ல யாருக்குமே தெரியாது, எங்கயோ இருக்கற ஒரு தீவு மேல யாருக்கு சந்தேகம் வரும். சுமார் 100 வருஷம் கழிச்சுதான் வில்லியம் ஹம்ப்ரீஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி ரெண்டையும் சேர்த்துப் பாத்தாரு. இந்த சிவப்பு நூலதான் பசங்க ரெட்டையா முறுக்கி கட்டியிருக்காங்க.

சரி, வாட்டர்லூ. ஜூன் 18. முதல் நாள் ராத்திரி பூரா மழை, தரை சேறு, பீரங்கி நகத்த முடியாம நெப்போலியன் சண்டைய காலைல சீக்கிரம் ஆரம்பிக்காம கிட்டத்தட்ட பதினொன்றரை வரைக்கும் தள்ளிப் போட்டாரு, அந்த நேரம் எதிர்ல நின்ன இங்கிலீஷ் தளபதி வெலிங்டனுக்கு உதவியா பிரஷ்யா தளபதி ப்ளூகரோட படை வந்து சேர போதுமானதா ஆயிடுச்சு. உடனே அஞ்சாறு பசங்க சிவப்பு நூல எடுத்துட்டு ஓடி வந்தாங்க, தம்போரா வெடிச்சுது, மழை வந்துது, நெப்போலியன் தோத்தாருன்னு. இணையத்துல அப்படி நிறைய பேர் எழுதியிருக்காங்க, வீடியோவும் இருக்கு, உங்க போன்லயும் வந்திருக்கலாம். ஆனா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வெடிச்ச மலையாலதான் அந்த ஒரு ராத்திரி மழை வந்துச்சுன்னு நிரூபணம் ஆகல. பெல்ஜியத்துல ஜூன்ல மழை எந்த வருஷமும் வரும். அதனால வெள்ளை. ரெண்டு பசங்க கோவமா போயிட்டாங்க, மறுநாள் தானே வந்து அவுத்து மாத்துனாங்க. வீட்டுல இதப்பத்தி அவங்க உங்ககிட்ட வாதாடுனா தயவு செஞ்சு காது குடுத்து கேளுங்க.

ஆனா நெப்போலியனுக்கும் தம்போராவுக்கும் நடுவுல வேற ஒரு நூல் உண்மையாவே இருக்கு. எரிமலை பத்தி அதிகாரிங்ககிட்ட எல்லாம் கேட்டு எழுதி வாங்குனது அப்ப ஜாவாவ ஆண்ட இங்கிலீஷ் அதிகாரி ராஃபிள்ஸ், பின்னாடி 1819ல சிங்கப்பூர்ல வணிக நிலையம் ஆரம்பிச்ச அதே ராஃபிள்ஸ். டச்சுக்காரங்க கைல இருந்த ஜாவால ஒரு இங்கிலீஷ்காரருக்கு என்ன வேலை? ஹாலந்து நெப்போலியன் கைக்கு போனதால 1811ல இங்கிலீஷ்காரங்க ஜாவாவ பிடிச்சாங்க, 1816ல திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த அஞ்சு வருஷத்துக்கு நடுவுல மலை வெடிச்சுது, அப்ப ராஃபிள்ஸ் அங்க இருந்ததாலதான் அந்த குறிப்பெல்லாம் நமக்கு கிடைச்சுது.

நம்ம ஊருக்கு வரேன். அக்டோபர்ல நெப்போலியன செயின்ட் ஹெலினா தீவுக்கு கொண்டு போறாங்க, அது ஈஸ்ட் இண்டியா கம்பெனியோட தீவு. 1816 ஆரம்பத்துல கண்டி ராஜாவ குடும்பத்தோட கப்பல் ஏத்தி இங்க கொண்டு வராங்க, எங்கன்னா நம்ம வேலூர் கோட்டைக்கு. நெப்போலியன் 1821ல தீவுலயே செத்தாரு, நம்ம ராஜா 1832 ஜனவரி 30ம் தேதி இங்கயே காலமானாரு. பாலாத்துக்கரைல இருக்கே முத்து மண்டபம், அது அவர் சமாதிதான். அவர் சிம்மாசனம் இங்கிலாந்துல இருந்து 1934லதான் இலங்கைக்கு திரும்பிப் போச்சு. கிளாஸ்ல 41 பேர்ல 33 பேர் அந்த மண்டபத்த பஸ்ல போறப்ப பாத்திருக்காங்க, யாருதுன்னு தெரிஞ்சது நாலு பேருக்கு.

அதே கோட்டைல 1799க்கு அப்புறம் திப்பு சுல்தான் பிள்ளைங்கள வச்சிருந்தாங்க, 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சிக்கு அப்புறம் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. திப்பு விழுந்த அந்த ஸ்ரீரங்கப்பட்டணம் சண்டைல இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் வாட்டர்லூல ஜெயிச்ச வெலிங்டன். ஊருக்கு திரும்புறப்ப 1805ல செயின்ட் ஹெலினால இறங்கி தங்கிட்டு போனவரு, பத்து வருஷம் கழிச்சு அவர்கிட்ட தோத்த நெப்போலியன் அங்கயே போய் சேந்தாரு. ஒரே ஆள் ரெண்டு இடத்துலயும் வந்தா மஞ்ச நூல்னு பசங்களே புதுசா ரூல் போட்டுக்கிட்டாங்க.

அந்த வருஷம் பொறந்தவங்களுக்கு தனியா ஒரு மூலை. கணினிக்கு புரோகிராம் எழுதுனதுல முன்னோடின்னு சொல்ற ஏடா லவ்லேஸ் டிசம்பர் 10, உங்க புள்ளைங்க கம்ப்யூட்டர் லேப்ல ட்ரூ ஃபால்ஸ்னு படிக்குதே அந்த கணக்க குடுத்த ஜார்ஜ் பூல் நவம்பர் 2. நம்ம மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ.வே.சாமிநாத ஐயரோட வாத்தியார், ஏப்ரல் 6ம் தேதி. தம்போரா முதல்ல வெடிச்சதுக்கு மறுநாள் திருச்சி பக்கம் ஒரு வீட்டுல குழந்தை அழுதுருக்கு. வெள்ளை நூல்தான், ஆனா எனக்கு பிடிச்ச நூல் அது.

இப்ப உங்ககிட்ட கேக்குறது. பிரவுசிங் சென்டர்ல போய் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டாம். அழகா இருக்கு, ஆனா அதுல புள்ளை ஒரு வரி கூட படிக்கல. கோணலா இருந்தாலும் அது கையால எழுதினா போதும். கம்பளி நூல் வாங்க வேண்டாம், ஸ்கூல்லயே இருக்கு. பழைய ஸ்வெட்டர் பிரிச்ச நூல் இருந்தா குடுத்து அனுப்புங்க. இலங்கைல இருந்து வந்த குடும்பம் நம்ம ஸ்கூல்ல சிலது இருக்கு, கண்டி பக்கம் தெரிஞ்ச பெரியவங்க யாராவது ஒரு மணி நேரம் வந்து பேசுனா பசங்களுக்கு பெரிய உதவி, ஆபீஸ்ல சொல்லுங்க.

வர்ற சனிக்கிழமை கோட்டைக்கும் முத்து மண்டபத்துக்கும் கூட்டிட்டு போறோம். கோட்டைக்குள்ள கண்டி மஹால்னே ஒரு கட்டடம் இருக்கு, பசங்க அத பாக்கணும்னு நிக்கிறாங்க. டவுன் பஸ்தான், காசு வேண்டாம். ஒப்புதல் சீட்டுல கையெழுத்து போட்டு வியாழக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்துடுங்க, காலைல ஒன்பதரைக்கு கேட் முன்னாடி விட்டுடுங்க, மதிய சாப்பாடு புளிசாதம் மாதிரி கெடாததா கட்டிக் குடுங்க, தண்ணி பாட்டில் பெருசா இருக்கட்டும். பாலாத்துக்கரைல நிழல் கம்மி, தொப்பியோ துண்டோ கட்டாயம். சாயங்காலம் நாலு மணிக்கு திரும்பிடுவோம், அப்படியே நீங்களும் உள்ள வந்து செவுத்த பாத்துட்டு போங்க. நூல தொட்டு கேளுங்க, எந்த நூல் யார் கட்டுனதோ அந்த புள்ளையே வந்து பதில் சொல்லும்.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியர்