ஆகஸ்ட் 23 அன்று பிள்ளைகள் நிழலைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணிக்கு நிலவில் இறங்கியதை நினைவுகூர்ந்து, 2024 முதல் அந்த நாளைத் தேசிய விண்வெளி நாளாகப் பள்ளிகள் கொண்டாடி வருகின்றன. நாமக்கல் மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், அந்த நாளில் நடக்கும் போட்டிகளுக்கு நடுவராக என்னை அழைக்கிறார்கள். தெர்மகோலில் செய்த ராக்கெட்டுகளையும், வண்ணம் தீட்டிய சனிக்கோளையும், கோள்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு வருத்தத்தோடு வீடு திரும்புகிறேன். அதே நாளில், அதே பள்ளியின் முற்றத்தில், சூரியனே நடத்தும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேலம், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவது ஆண்டுக்கு இரண்டே முறைதான். ஏப்ரல் 20ஐ ஒட்டி ஒருமுறை. ஆகஸ்ட் 23ஐ ஒட்டி மறுமுறை. அந்த நாள்களில் மதியம் ஏறக்குறைய 12.20 மணிக்குச் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று இதைச் சொல்வார்கள். விண்வெளி நாளும் எங்கள் பகுதியின் நிழலில்லா நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. இதற்குச் செலவும் இல்லை. சமதளத்தில் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டால் அது நேராக நிற்கிறதா என்று சரிபார்த்தால் போதும். காலை பத்து மணியிலிருந்து கால்மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துவந்த பிள்ளைகள், அது குறுகிக் குறுகிக் குழாயின் காலடியில் மறைவதைப் பார்க்கும்போது எழுப்பும் ஓசையை நான் கேட்டிருக்கிறேன். அன்று மேகம் மூடினால் மறுநாள் செய்யலாம்; ஓரிரு நாளில் வரும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

பாடம் அங்கே முடிவதில்லை. சென்னையில் இது ஆகஸ்ட் 18 வாக்கில் நிகழும். கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில்தான் நிகழும். சென்னையில் நிழல் மறையும் நாளில் குமரியின் நண்பகலில் ஒரு மீட்டர் கோலை நட்டால், ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் நிழல் தெற்கு நோக்கி விழும். அந்த நிழல் சொல்வது ஐந்து பாகைக் கோணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக அளந்தால் ஏறக்குறைய 555 கிலோமீட்டர். ஐந்து பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்கிட்டுவிடும். விடை 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதுதான் பூமியின் சுற்றளவு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்த அளவீட்டை, இரண்டு பள்ளிகள் தொலைபேசியில் பேசிக்கொண்டு ஒரே மதிய இடைவேளையில் செய்து முடித்துவிடலாம்.

விக்ரம் ஏன் அந்த நாளில் இறங்கியது என்பதற்கும் சூரியன்தான் காரணம். கலமும் பிரக்யான் ஊர்தியும் சூரிய மின்கலங்களால் இயங்கியவை. நிலவின் ஒரு பகல், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள், வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. ஆகவே இறங்கும் இடத்தில் பொழுது விடிந்த பிறகு, பகல் முழுவதும் கையில் இருக்கும்படி நாள் குறித்தார்கள். அன்று வளர்பிறைச் சப்தமி. விக்ரம் இறங்கிய அதே மாலை, தெற்கு வானில் ஏறக்குறைய அரை நிலவு நம் கண்ணுக்கு எதிரே நின்றது. அதன் ஒளிர்ந்த பாதியில், கீழ்விளிம்பை ஒட்டிய பகுதியைச் சுட்டி, ‘அங்கேதான் இறங்கியிருக்கிறது’ என்று சொல்ல முடிந்திருக்கும். எத்தனை வீடுகளில் தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்து நிலவையும் பார்த்தார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. வளர்பிறையும் தேய்பிறையும் பூமியின் நிழலால் உண்டாகின்றன என்று நம்பும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் சந்தித்திருக்கிறேன். ஒரு பந்தைக் கையில் பிடித்து, மாலை வெயிலில் தன்னைத்தானே சுற்றி நின்று பார்த்தால் அந்தத் தவறு ஐந்து நிமிடத்தில் தீரும். கரும்பலகையில் வரைந்தால் ஐந்து ஆண்டானாலும் தீராது.

சூரியக் குடும்பத்தைப் பற்றிய பாடம் ஆறாம் வகுப்பில் சமூக அறிவியல் நூலில் புவியியலின் பகுதியாகவும், எட்டாம் வகுப்பில் அறிவியல் நூலிலும் வருகிறது. இரண்டையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் எந்த அச்சிட்ட பக்கத்தாலும் சொல்ல முடியாத ஒன்று தொலைவு. எட்டுக் கோள்களும் ஒரு சாண் இடைவெளிக்குள் மணிமாலை போல் கோத்திருக்கும் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, செவ்வாய்க்குப் போக ஏன் மாதக்கணக்காகிறது என்பது எப்படிப் புரியும்?

இதற்கு நான் பல ஆண்டுகள் கடைப்பிடித்த வழியைச் சொல்கிறேன். பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு களிமண் உருண்டை பிடித்துப் பள்ளி வாயிலில் வைக்க வேண்டும். அதுதான் சூரியன். அந்த அளவில் பூமி ஒரு கசகசா மணி. அது நிற்க வேண்டிய இடம் ஏறக்குறைய பத்தே முக்கால் மீட்டர் தொலைவு. நிலவு அந்தக் கசகசாவிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள ஒரு துகள். மனிதர்கள் இதுவரை சென்று வந்த தூரம் அவ்வளவுதான். வியாழன் ஒரு சிறிய கொண்டைக்கடலை, 56 மீட்டரில். சனி 100 மீட்டரைச் சற்றே தாண்டி. அங்கே பெரும்பாலான பள்ளிகளின் சுற்றுச்சுவர் வந்துவிடும். யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு பாசிப்பயற்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். நெப்டியூன் 320 மீட்டருக்கு அப்பால், எங்கள் ஊரில் அது பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசல். அங்கே நின்று திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்குப் பள்ளி வாயிலில் வைத்த உருண்டை கண்ணுக்கே தெரியாது. இடையில் இருந்தது எல்லாம் வெறுமை என்பதைக் கால்கள் உணர்ந்துகொள்ளும்.

இந்த அளவில் ஒளியின் வேகம் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்கிட்டுப் பார்த்தோம். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். எறும்பு ஊரும் வேகம். சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி கசகசாவை அடைய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆவதை, ஒரு குச்சியைத் தரையில் மெல்ல நகர்த்தியே அவர்கள் நடித்துக் காட்டினார்கள். 1977இல் புறப்பட்டு இன்னும் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர்-1 இந்த அளவில் இரண்டு கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. சூரியனுக்கு அடுத்த விண்மீனோ ஏறக்குறைய 2,900 கிலோமீட்டரில் இருக்கிறது. குமரியில் ஓர் உருண்டையை வைத்தால், அடுத்தது ஸ்ரீநகரில்! இதைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கலைக்காமல் சற்று நேரம் விட்டுவிட வேண்டும் என்று இளம் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

படத்தால் வரும் இன்னொரு தீங்கு பருவங்களைப் பற்றியது. பூமியின் பாதையை முட்டை போல் நீட்டி வரைந்த படங்களைப் பார்க்கும் பிள்ளைகள், சூரியனுக்கு அருகே போகும்போது கோடை வருகிறது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கிலோமீட்டரில், வருவது ஜனவரி முதல் வாரத்தில். நாம் பனியில் நடுங்கிக்கொண்டு வாசலில் கோலம் போடும் மார்கழியில். இந்த ஓர் உண்மையைச் சொல்லி, ‘அப்படியானால் மார்கழியில் ஏன் குளிர்கிறது?’ என்று கேட்டுவிட்டு விடையை உடனே தராமல் ஒரு வாரம் காத்திருந்தால், பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிய பாடம் பாதி நடந்தது போல.

நம் பிள்ளைகள் வானத்தை அறியாதவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். கிழமைகளின் பெயர்களிலேயே ஐந்து கோள்களை அவர்கள் தினமும் சொல்கிறார்கள். யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் ஏன் கிழமை இல்லை என்று கேட்டுப் பாருங்கள். கண்ணால் காண முடிந்தவை ஐந்துதான், மற்ற இரண்டும் 1781இலும் 1846இலும் தொலைநோக்கி வந்த பிறகே தெரியவந்தன என்ற வரலாறு அந்த ஒரு கேள்வியிலிருந்து விரியும். கார்த்திகை தீபத்தன்று முழுநிலவு கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே நிற்கிறது. மாசி மகத்தன்று மகத்தின் அருகே. சித்திரா பௌர்ணமியன்று சித்திரையின் அருகே. விழா நாளை நாள்காட்டியில் பார்க்கும் குடும்பம் அன்று இரவு ஒருமுறை மேலேயும் பார்த்தால், நிலவு பூமியைச் சுற்றி வருவது வெறும் வாக்கியமாக இருக்காது. இதைச் சோதிடம் என்று அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை; கண்ணால் பார்த்துக் குறித்து வைத்த முன்னோரின் உழைப்பு அது.

விண்வெளி ஆய்வு எங்கோ நடப்பது என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. நிலவின் மேட்டுநிலப் பாறையான அனார்த்தசைட்டு எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதை அரைத்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ தன் நிலவு ஊர்திகளை ஓட்டிச் சோதித்தது. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் வானாய்வகத்திலும், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததைக் கவனித்தார்கள். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்தது அந்த மறைப்பிலிருந்துதான். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் ஏன் அமைகிறது என்பது பூகோள வகுப்புக்கு அருமையான கேள்வி. துருவங்களைச் சுற்றும் பாதைக்காகத் தெற்கு நோக்கி ஏவும்போது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது; அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. தூத்துக்குடிக் கரையிலிருந்து தெற்கே கடல்தான். ஒரு வரைபடமும் ஒரு நூல்கயிறும் இருந்தால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேர்வு மாறாமல் இவை எதுவும் நிலைக்காது என்பது என் அனுபவம். ‘சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் எது?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பக்கத்திலேயே, ‘மாலையில் கிழக்கே முழுநிலவு எழுகிறது, நள்ளிரவில் அது எங்கே இருக்கும்?’ என்ற கேள்வியும் வர வேண்டும். முதல் கேள்வி மட்டுமே வரும் வரை ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைகளை வெளியே விடத் தயங்கத்தான் செய்வார்கள்.

தயக்கத்துக்கு அச்சமும் ஒரு காரணம். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாகக் கடந்தபோது, சன்னலைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்த வீடுகள் என் தெருவிலேயே பல. சூரியனை வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் வேப்பமர நிழலில் இலையிடுக்குகள் வழியே தரையெங்கும் விழுந்திருந்த ஒளிப்பிறைகளைப் பார்ப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. அந்தக் காட்சியை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இழந்தார்கள்.

எனவே பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே நடக்கும் வானவில் மன்றம் என்ற அறிவியல் செய்முறைத் திட்டத்தின் ஆகஸ்ட் மாத வேலைகளில், அந்தந்த ஊருக்கான நிழலில்லா நாளைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். பருவத்துக்கு ஒரு மாலையாவது, பெற்றோரையும் அழைத்து, நிலவையும் கோள்களையும் பார்க்கும் நிகழ்வு நடக்க வேண்டும். தாய்மார்களும் உடன் வந்தால் பெண்பிள்ளைகளை அனுப்புவதில் வரும் தயக்கம் குறையும் என்பதைக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கு ஒரு நல்ல பைனாகுலர் போதும். கையை அசைக்காமல் பிடித்தால் கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களும் அதில் தெரியும்.

நாமக்கல் மாவட்டத்தில் எந்தப் பள்ளி அழைத்தாலும், வரும் ஆகஸ்ட் 23 அன்று காலை பத்து மணிக்குத் தூக்குக்குண்டும் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு வருவதற்கு நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.