கண்காட்சிக் குழுவினருக்கு: போரஸின் படைக்கு வரலாற்றுப் பிரிவில் ஒரு மேசை தாருங்கள்

மதிப்புக்குரிய கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு, வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், அதனால் முழுக்கதையையும் திரும்ப எழுதவில்லை. நான் கையால் வர்ணம் பூசிய சிறு உலோகப் படை உருவங்களுக்கு வரலாற்றுப் பிரிவில் இடம் என்று சொல்லித்தான் என்னிடம் விண்ணப்பம் வாங்கினீர்கள். முதல் நாள் காலையில் வந்து பார்த்தால் என் மேசை சிறுவர் பகுதியில், பலூன்காரருக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் எழுதிக் கொண்டுவந்த பலகையை "போர் என்று போட்டிருக்கிறீர்கள், இந்த ஊரில் அது சரிவராது தம்பி" என்று கழற்றிவிட்டு, ஒரு அட்டையில் "பொம்மைகள்" என்று எழுதி ஒட்டினீர்கள். மூடி இல்லை, கயிறு கூட இல்லை. பின்னேரம் ஆகும்போது ஒரு யானைக்குப் பாகன் இல்லை, இரண்டு தேர்களின் குதிரைகள் கழன்று கிடந்தன, ஈட்டிக்காரர்களில் பாதிப் பேர் கையில் ஈட்டி இல்லாமல் நின்றார்கள்.

பிள்ளைகள் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. பொம்மை என்று எழுதி வைத்தால் பிள்ளை எடுக்கத்தான் செய்யும். எழுதி வைத்தவர்களிடம்தான் பேசுகிறேன். கேட்பது ஒன்றுதான்: அடுத்த வருடம் வரலாற்றுப் பிரிவில் கண்ணாடி மூடியோடு ஒரு மேசை வேண்டும்.

அந்த மேசையில் இருந்தது என்ன என்பதை உங்களில் எவரும் நின்று பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். கிமு 326, பஞ்சாபின் ஜீலம் நதிக்கரை. அலெக்சாந்தர் இரவு மழையில், ஆற்றின் மேல்பக்கமாகப் போய்க் கரையேறிவிட்டான். அந்தப் பகுதி மன்னன் போரஸ் அவனை எதிர்க்கத் தன் படையைத் திருப்புகிறான். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியபடி அந்தப் படையில் 200 யானை, 300 தேர், 4,000 குதிரை, 30,000 காலாட்கள். என் மேசையில் அதன் ஒரு மூலைதான் இருந்தது. தேர்கள் சேற்றில் புதைகிற நேரம் அது. ஒரு தேருக்கு நாலு குதிரை, ஆறு ஆட்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் குர்ட்டியஸ் சொல்கிறார்: கேடயக்காரர் இருவர், வில்லாளர் இருவர், ஓட்டுகிறவர் இருவர். அவ்வளவு பாரம் ஈர மண்ணில் ஓடுமா? அதைக் காட்டத்தான் களப்போரத்து மண்ணை அரித்து, வெள்ளைப் பசையில் குழைத்து, மேலே பளபளப்பு வார்னிஷ் பூசி ஈரச் சேறு செய்து, சில்லுகளை அச்சுவரை இறக்கி வைத்திருந்தேன். பக்கத்தில் வில்லாளர்கள். ஆள் உயர வில், அதன் அடியை நிலத்தில் ஊன்றி இடது காலால் மிதித்துத்தான் நாணை இழுப்பார்கள். வழுக்கிற சேற்றில் வில்லை ஊன்ற முடியாமல் திண்டாடினார்கள் என்று எழுதியிருக்கிறது. ஒரு படை ஏன் தோற்றது என்பதைப் பத்து பக்கம் வாசிப்பதற்குப் பதிலாக அந்த மேசையைக் குனிந்து பார்த்தால் போதும். இது வரலாறு இல்லை என்றால் வேறு எது?

ஒவ்வொரு உருவமும் 28 மில்லிமீற்றர், கட்டைவிரலின் முதல் கணு அளவு. வெள்ளீயக் கலவையில் வார்த்தது. அச்சு ஓரத்தை அரத்தால் ராவி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன் பிறகுதான் பூச்சு. பருத்தி உடைக்கு வெள்ளையை நேரே பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கும். முதலில் மண்ணிறம் கலந்த சாம்பல், அப்புறம் மடிப்புகளை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் படிப்படியாக வெளுப்பு. தாடிக்கு நீலம், சிவப்பு, பச்சை என்று பூசியிருந்தேன். அதைப் பார்த்து உங்களில் ஒருவர் "பிள்ளைகளுக்காகக் கலர் போட்டிருக்கிறார்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இந்தியர்கள் தாடிக்கு இப்படிப் பல நிறச் சாயம் போட்டார்கள் என்று அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ் எழுதிவைத்ததை அர்ரியன் எடுத்துச் சொல்கிறார். கேட்டிருந்தால் அங்கேயே விளக்கியிருப்பேன்.

யானையும் அப்படித்தான். அம்பாறைப் பக்கம் வயலுக்கு வருகிற யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காதோரமும் தும்பிக்கை அடியும் இளஞ்சிவப்பாக வெளுத்திருப்பது தெரியும். அந்த வெளுப்பு எங்கள் இலங்கை யானைகளுக்கு இந்திய யானைகளைவிடக் கூட. ஜீலம் கரையில் நின்றவை இந்திய யானைகள் என்பதால் அதைக் குறைத்துத்தான் பூசினேன். எங்கள் ஆண் யானைகளில் அனேகத்துக்குத் தந்தம் கிடையாது, ஆனால் இந்தப் படை யானைகளுக்கு வைத்தேன். முதுகில் அம்பாரி வைக்கவில்லை. மௌரியர் கால யானையில் பாகனோடு மூன்று வில்லாளர் இருந்தார்கள் என்பதுதான் மௌரிய அரசவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வழியாகக் கிடைக்கிற செய்தி. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

இப்போது சேதம். ஈட்டிகள் மெல்லிய உலோகமாக வந்தால் சும்மா வளையும், நாலைந்து தரம் நிமிர்த்தினால் முறிந்துவிடும் என்று அவற்றை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, தென்னை ஈர்க்கைச் சீவி, ஒவ்வொரு கையிலும் துளை போட்டுச் செருகியிருந்தேன். அவற்றைத் திரும்பச் செய்யலாம். பாகன்தான் பிரச்சினை. அவன் முழங்காலோடு முறிந்து வந்திருக்கிறான். கால் யானையின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடம்பு என் மேசை லாச்சியில் இருக்கிறது. நூல் மொத்தத்துக்குக் கம்பி வைத்துத் துளைபோட்டு இணைக்க வேண்டும், அந்த இடத்துக்குப் பிரைமர் போட வேண்டும், கையால் கலந்த தோல் நிறத்தை மறுபடி அதே மாதிரி கலந்து பிடிக்க வேண்டும், கடைசியில் மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். கண்காட்சி முடிந்த கையோடு மட்டக்களப்பில் மழை பிடித்துவிட்டது. இந்த ஈரக் காற்றில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் அது வெள்ளையாகப் பூத்து, செய்த வேலை முழுக்கக் கெட்டுப்போகும். இந்த வேலை தெரிந்த எவரும் கார்த்திகை மார்கழியில் அடிக்கமாட்டார்கள். ஆகவே தை பிறந்து வெயில் காயும்வரை பாகன் லாச்சியிலேயே கிடப்பான். ஜீலம் போரில் அலெக்சாந்தரின் மக்கெதோனியப் படை குறிவைத்ததும் பாகன்களைத்தான். பாகன் விழுந்தால் யானை யாருக்கும் அடங்காமல் சொந்தப் படையையும் சேர்த்து மிதித்தது. அதை விளக்கும் குறிப்பும் நீங்கள் கழற்றிய பலகையில் இருந்தது.

வேறு உருவம் வாங்கலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னார். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதே, அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு யானை எடுப்பதென்றால் என்ன என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தபால் செலவு வேறு.

போர் என்ற சொல் வேண்டாம் என்றீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. இந்த ஊரில் இருக்கிற எல்லாரையும் போல என் வீட்டுக்கும் அது தெரியும், இழந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் வரலாற்றுப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள், நல்ல வெளிச்சத்தில் நீங்கள் வைத்திருந்தது மட்டக்களப்புக் கோட்டையின் மாதிரி. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பீரங்கியால் பிடித்த கோட்டை அது. அன்றிரவு மேடையில் வடமோடிக் கூத்து, அதிலே பாரதப் போர், வாளும் வில்லுமாகத்தான் ஆடினார்கள், நாங்கள் எல்லாரும் இருந்து பார்த்தோம். அவை இரண்டும் அழகு, இரண்டும் இருக்கத்தான் வேண்டும். பீரங்கிக் கோட்டையும் கூத்தும் வரலாறும் கலையுமாக இருக்கும்போது 2,300 வருடத்துக்கு முந்திய ஒரு படை மட்டும் எப்படி ஊருக்கு ஆகாததாகிறது? ஆகாதது என்றால் அதைச் சிறுவர் பகுதியில் எப்படி வைத்தீர்கள்? பெரியவர்களுக்குக் காட்டக்கூடாத போர், பிள்ளைகளுக்குப் பொம்மை. இரண்டில் ஒன்றையாவது சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கிரிக்கெட் சுற்றுப்போட்டி என்றால் பந்தலும் கிண்ணமும் வருகின்றன, வரட்டும், நானும் போய்ப் பார்க்கிறேன். ஆனால் ஒருவர் தன் வீட்டு மேசையில் இருந்து தூரிகை பிடித்தால், நாணயம் சேர்த்தால், பழைய முத்திரை சேர்த்தால், அவருக்கு "வேலை இல்லையா" என்ற கேள்விதான் வருகிறது. சதுரங்கம் விளையாடுகிற பிள்ளைக்குப் பாடசாலையில் பதக்கம் கொடுக்கிறோம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற அதே நால்வகைப் படைதான் அந்தப் பலகையிலும் நிற்கிறது. அன்று என் மேசையருகே பள்ளிச் சீருடையில் ஒரு பெடியன் நெடுநேரம் நின்றான், எதையும் தொடவில்லை. "தேர் ஏன் அண்ணா தாழ்ந்திருக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக எவ்வளவு தூரமும் இந்த உருவங்களைச் சுமந்து வருவேன். வரலாற்றுப் பிரிவில் அந்த மேசை இருந்திருந்தால் அவனைப் போல எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். நீங்கள் எல்லாரும் சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறவர்கள், வெயிலில் கதிரை தூக்கியவர்கள், அது எனக்குத் தெரியும். உடைந்ததற்குப் பணம் கேட்கவில்லை, மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். அடுத்த கண்காட்சியில் வரலாற்றுப் பிரிவில் ஒரு மேசை தாருங்கள். ஆறடி நீளம், நாலடி அகலம் போதும். கண்ணாடி மூடிக்குச் செலவு கூட என்றால் சட்டத்தை நானே அடித்துக்கொண்டு வருகிறேன், கண்ணாடியை மட்டும் குழு பார்த்துக்கொள்ளட்டும். பலகையில் "ஜீலம் நதிக்கரை, கிமு 326" என்று மட்டும் எழுதுகிறேன், போர் என்ற சொல் இல்லாமலே. இடம் உறுதி என்றால் விண்ணப்பம் எடுக்கும்போதே எழுத்தில் தாருங்கள், காலையில் வந்து மாற்றாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டால் ஒரு யானையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து, அந்த மேசைக்காரன்