முதலில் வளைவு, அப்புறம் பிக் பாய்

அன்புள்ள அம்மு,

உன் மாடல் ரயில் அமைப்புக்கு நீ அனுப்பிய வரைபடம் வந்தது. பென்சிலால் கோடு போட்டு ஒவ்வொரு மூலைக்கும் அளவு எழுதியிருப்பதைப் பார்த்ததும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "விழுப்புரத்தில் ஒய்.பி. நீராவி இன்ஜினைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றவருக்குப் பிறந்தது வேறு எப்படி இருக்கும்" என்றாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருக்கும் பிக் பாயை, அந்த ராட்சத அமெரிக்க நீராவி இன்ஜினின் மாடலை, அனுப்பச் சொல்லியிருக்கிறாய். இப்போதைக்கு அனுப்பமாட்டேன். உன் வரைபடத்தில் வளைவுகளின் ஆரம் 18 அங்குலம். அதை மாற்று, மறுநாளே பார்சல் கிளம்பும்.

பெட்டியின் மேலேயே 18 அங்குல வளைவில் ஓடும் என்று அச்சடித்திருக்கிறதே என்று கேட்பாய். ஓடும். ஆனால் ஓடுகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! நிஜ பிக் பாய், எரிபொருளும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 133 அடி. நம் மாடல்கள் ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; 87-ஆல் வகுத்தால் 18 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். இன்ஜின் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உன் வளைவின் ஆரம். நிஜ இன்ஜினில் பின்பக்க எட்டுச் சக்கரங்களும் பாய்லரோடு அசையாமல் பிணைந்திருக்கும்; முன்பக்க எட்டு மட்டும்தான் வளைவுக்குத் தக்கபடி திரும்பும். பொம்மை வளைவிலும் திரும்ப வேண்டும் என்பதற்காக என்னிடம் இருக்கும் மாடலில் இரண்டு தொகுதியையுமே திரும்புகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அதனால் சக்கரங்கள் வளைந்து போகும், பாய்லர் மட்டும் நேராகவே நிற்கும். மூக்கு தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், டிரைவர் கேபினும் வெளியே தள்ளிக்கொண்டு வரும், நடுப்பகுதி உள்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அகலமான கட்டிலைக் குறுகலான மாடிப்படியில் ஏற்றுகிற காட்சிதான். ஏறிவிடும், ஆனால் சுவரில் ஒரு கீறல் விழாமல் ஏறாது.

அந்தக் கீறல் எங்கே விழும் என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இன்ஜினின் மூக்கு ஓரத்தில் ஒரு சிறு பென்சிலையும் கேபின் ஓரத்தில் இன்னொன்றையும் டேப் போட்டு ஒட்டி, முனை பலகையைத் தொடுகிற மாதிரி வைத்து, கையால் மெதுவாக வளைவில் தள்ளிக்கொண்டு போ. வெளிப்பக்க எல்லைக் கோடு தானாக விழும். நடுப்பாகத்துக்கு ஒரு பென்சில் ஒட்டினால் உள்பக்கக் கோடும் கிடைத்துவிடும். இரண்டு கோட்டுக்கும் இடையில் சிக்னல் கம்பமோ குகை வாசலோ பக்கத்துத் தடமோ வரக் கூடாது. உன் வரைபடத்தில் இரட்டைத் தடத்துக்கு நடுவே 2 அங்குலம் விட்டிருக்கிறாய். நேர்ப்பாதையில் அது போதும். வளைவில் போதாது, எதிரே வரும் சரக்கு வண்டியை பிக் பாயின் கேபின் உரசித் தள்ளிவிடும்.

பிரச்சினையின் வேர் அந்த 4 அடிக்கு 8 அடி ப்ளைவுட். கடையில் முழுசாகக் கிடைக்கிறது, அதனால் எல்லோரும் அதிலேயே தொடங்குகிறார்கள். 4 அடி அகலத்தில் அதிகபட்சம் 22 அங்குல ஆரம்தான் அடங்கும், அதுவும் ரயில் விளிம்பில் தொங்குகிற மாதிரி. 30 அங்குலம் வேண்டுமென்றால் வளைவுக்கு மட்டுமே 5 அடி போய்விடும். இன்னொரு கணக்கும் பார். 18 அங்குல ஆரத்தில் அந்தப் பலகையில் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 19 அடி. பிக் பாய்க்குப் பின்னால் 20 சரக்குப் பெட்டியாவது இல்லாவிட்டால் அழகில்லை. 40 அடிப் பெட்டி ஒன்று, கொக்கியோடு சேர்த்து நம் அளவில் சுமார் 6 அங்குலம் என்றால் 20 பெட்டிக்கு 10 அடி. இன்ஜினையும் சேர்த்தால் பாதிச் சுற்றுக்கு மேல் ரயிலே அடைத்துக்கொள்ளும். தன் வாலைத் தானே துரத்துகிற இன்ஜினைப் பார்க்கவா இவ்வளவு பாடு?

அறை 11 அடிக்கு 12 அடி என்று எழுதியிருக்கிறாய். நல்ல அறை. ப்ளைவுட்டை நடுவில் போடாமல் நீளநீளமாக அறுத்து, சுவரை ஒட்டி நான்கு பக்கமும் அலமாரி மாதிரி கொண்டுபோ. மூலைகளில் 32 அங்குல ஆரம் தாராளமாக உட்காரும். சுற்று 40 அடியைத் தொடும். நீ நடுவில் நின்றுகொண்டு பார்ப்பாய். வளைவின் உள்பக்கத்திலிருந்து பார்க்கும்போது மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதும் அவ்வளவாகத் தெரியாது. நடுவில் மேஜையைச் சுற்றி ஓடுகிற அமைப்பில் அந்தச் சலுகை கிடையாது.

வாசலில் ஒரு தூக்கு பாலம் வேண்டியிருக்கும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: பாலத்தைத் தூக்கியதும் இரண்டு பக்கமும் இரண்டடி, மூன்றடித் தண்டவாளத்துக்கு மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். பாலத்தின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தால் முடிந்தது. இடுப்புயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்த இன்ஜினைப் பழுது பார்ப்பது பற்றி உனக்கு எழுத நான் விரும்பவில்லை.

மலையும் மேம்பாலமும் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. பிக் பாய் பிறந்ததே ஏற்றத்துக்குத்தான். யூட்டாவின் வாசாச் மலையில் 1.14 சதவீத ஏற்றத்தில் 3,600 டன் சரக்கைத் துணை இன்ஜின் இல்லாமல் இழுக்கத்தான் யூனியன் பசிபிக் ரயில்வே அதைச் செய்யச் சொன்னது. இன்ஜின் கட்டும் ஆல்கோ நிறுவனம் 1941-லிருந்து 1944-க்குள் 25 இன்ஜின்களை ஸ்கெனெக்டடியில் கட்டிக்கொடுத்தது. பிற்பாடு அவை வயோமிங்கில் ஷெர்மன் மலையில் ஏறின. அங்கே பழைய தடத்தில் ஏற்றம் 1.55 சதவீதம். மாடலிலும் 2 சதவீதத்தைத் தாண்டாதே. ஒரு தடத்தின் மேல் இன்னொன்று போக 4 அங்குல உயரம் வேண்டும் என்று வைத்தால், 2 சதவீதத்தில் அதற்கு 200 அங்குலம், அதாவது பதினாறு பதினேழு அடி ஓட்டம் தேவை. உன் அறையில் ஒரு சுவர் முழுதும் போய் அடுத்த சுவரிலும் கொஞ்சம் ஏறும். என்னைக் கேட்டால் முதல் வருஷம் மேம்பாலமே வேண்டாம்.

தண்டவாளம் போடுவதில்தான் நீ பொறுமையாக இருக்க வேண்டும். மூன்றடி நீள வளையும் தண்டவாளம் இரண்டை வளைவில் இணைக்கும்போது, இரண்டையும் நேராக வைத்து முதலில் சால்டர் பண்ணு, ஆறட்டும், அப்புறம் ஒரே துண்டாக வளை. வளைத்துவிட்டு இணைத்தால் மூட்டில் மூக்கு மாதிரி ஒரு முனை தள்ளிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஓட்டிப் பார், தட்டுகிற இடத்தை அரத்தால் தேய். பிக் பாயின் டெண்டரைப் புரட்டிப் பார்த்திருக்கிறாயா? பின்னால் ஐந்து அச்சு வரிசையாக ஒரே சட்டத்தில் இருக்கும். சின்ன இன்ஜின் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற மேடு பள்ளத்தையெல்லாம் அந்த ஐந்து அச்சு காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், இடது வளைவு முடிந்த கையோடு வலது வளைவைத் தொடங்காதே. நடுவில் ஓர் இன்ஜின் நீளத்துக்காவது நேர்ப்பாதை விடு.

ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற பாயிண்ட்களில் இன்னும் கவனம். டென்வரில்தான் இருக்கிறாய், ஃபோர்னி மியூசியத்துக்குப் போய் 4005 எண் பிக் பாயைப் பார்த்துவிட்டு வா. 1953-ல் வயோமிங்கில் ஒரு பாயிண்ட்டில் தடம்புரண்டு கவிழ்ந்த இன்ஜின் அது. டிரைவரும் ஃபயர்மேனும் அங்கேயே இறந்துபோனார்கள். செப்பனிட்டுத் திரும்ப ஓட்டினார்கள். அதன் பக்கத்தில் நின்றால்தான் நம் ஒன்றரை அடிப் பொம்மை எதைக் காட்ட முயல்கிறது என்பது புரியும். ஓடுகிற பிக் பாய் இன்றைக்கு ஒன்றே ஒன்று, 4014. அதன் வீடு வயோமிங்கின் ஷையென். உன் ஊரிலிருந்து சுமார் 100 மைல். 2019-ல் அதைத் திரும்ப உயிர்ப்பித்தபோது நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். அது வெளியே கிளம்பும் செய்தி வந்தால் லீவு போட்டுவிட்டுப் போ. ஆபீஸ் எங்கேயும் ஓடிவிடாது.

வயரிங் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது உன் தொழில். பலகைக்கு அடியில் தடியான ஒரு ஜோடி வயரை முழுச் சுற்றுக்கும் ஓட்டி, சில அடிக்கு ஒருமுறை தண்டவாளத்துக்கு மெல்லிய வயர் ஏற்று. தண்டவாள மூட்டை நம்பி மின்சாரம் அனுப்பாதே. பிக் பாய்க்குள் இருக்கும் டிகோடரில், அதாவது கன்ட்ரோலரின் கட்டளையை வாங்கும் சிப்பில், முகவரி 4014 என்று வைத்திருக்கிறேன். ஓட்டும்போது நிதானமாக ஓட்டு. மணிக்கு 40 மைல் என்பது நம் அளவில் வினாடிக்கு 8 அங்குலம்தான். சரக்கு வண்டிக்கு அந்த வேகம் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகும் 4 அடிப் பலகைதான் வேண்டும் என்றால் அதிலும் தப்பில்லை. 22 அங்குல வளைவில் 2-8-2 சக்கர அமைப்புள்ள மிகாடோ என்ற சின்ன இன்ஜின் அழகாகப் போகும், பன்னிரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு. பெரிய இன்ஜினைச் சின்ன வளைவில் நெளியவிடுவதைவிட எனக்கு அது எவ்வளவோ பிடிக்கும். என்னுடைய மிகாடோவை இந்த வாரமே அனுப்புகிறேன். தண்டவாளத்தைச் சோதித்துப் பார்க்கவாவது உதவும்.

அடுத்த கடிதத்தில் வாசல் எந்தச் சுவரில், கதவு உள்ளே திறக்கிறதா வெளியேயா, ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், இந்த மூன்றையும் எழுது. அலமாரியின் உயரத்தை நான் குறித்துத் தருகிறேன். மிகாடோ வரும் பார்சலிலேயே அம்மா பருப்புப் பொடியும் வைக்கிறாள். இன்ஜினுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை.

அன்புடன்,
அப்பா