பொருள்: புதுக் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிவது, சர்வீஸ் சென்டரின் அலட்சியம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் என் ஸ்கூட்டருக்குப் புதுக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாட்டினேன். அன்று முதல் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன மாடல், என்ன பார்ட் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டி, உங்கள் பில்.

பள்ளத்தூர் மெக்கானிக் அண்ணன் பார்த்தவுடன் ஃப்ளோட் லெவல், அதாவது உள்ளே மிதவை நிறுத்தும் பெட்ரோல் மட்டம், சரியில்லை என்று சொல்லிவிட்டார். பெட்ரோல் தங்கும் கிண்ணமான பவுலின் அடியில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, பெட்ரோலை வடிக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு டியூபை நிமிர்த்திப் பிடித்தார். பெட்ரோல் பவுல் விளிம்பையும் தாண்டி நின்றது. ஃப்ளோட்டில், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசியான நீடிலைத் தொடும் சின்ன நாக்கை லேசாக வளைத்தால் தீரும், ஆனால் தான் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

உங்கள் ஆட்கள் பவுலைக் கழற்றவே இல்லை. வரும்போதெல்லாம் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைத் திருகிவிட்டு, "சரியாயிடுச்சு" என்று அனுப்புகிறார்கள். நீடில் அடைக்காமல் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தால், ஏர் ஸ்க்ரூ என்ன செய்யும்? கேட்டால், 2020-க்கு அப்புறம் வருவதெல்லாம் கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியாம், பையன்களுக்குக் கார்புரேட்டர் பழக்கமில்லையாம். பழக்கமில்லாதவர்கள் ஏன் பணம் வாங்கி மாட்டினீர்கள்?

முன் மேசையில் இருப்பவர் சொன்னதை என்னால் மறக்கவே முடியவில்லை. "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, அவர்கிட்ட சொன்னாத்தான் புரியும்." அத்தனை பேர் முன்னால்! வண்டி என் பேரில், பில் என் பேரில். அவரைப் பற்றித் தனியாக விசாரியுங்கள்.

நான் பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். இந்த வண்டியில் கொண்டுபோன தேன்குழல் டின்னைத் திறந்து முகர்ந்த கடைக்காரர், பெட்ரோல் வாடை என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமியார் காலத்துப் பேர் ஒரே நாளில் போயிற்று. என் தொழிலே படுத்துவிட்டது. வண்டியை வீட்டு முகப்பில் நிறுத்தி, ஆத்தங்குடித் தரைக் கல்லிலும் கறை. அடுப்படிப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகவே பயமாக இருக்கிறது. நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு?

தயவுசெய்து விவரம் தெரிந்த ஒருவரை வைத்து, பவுலைக் கழற்றி, உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு ஃப்ளோட்டைச் சரிசெய்து, அந்த அளவை பில்லில் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமும் இல்லை. அதுவரை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாடிக்கையாளர்