விளையாடிப் பார்க்க ஒரு வாரம் வேண்டும்

மதிப்புக்குரிய துறை ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். கேம் டிசைன் மூன்றாம் ஆண்டு மாணவி எழுதுகிறேன். அடுத்த செமஸ்டரின் சப்மிஷன் தேதிகள் இன்னும் நோட்டீஸ் போர்டில் ஏறவில்லை. ஏறிவிட்டால் மாறாது என்பது இரண்டு வருட அனுபவம், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன செமஸ்டரில் என் புராஜெக்ட் ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 இடங்கள். விதிகள் ஏற்கெனவே தயார், சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பித்தான் எடுத்தேன். யாருடைய முறை என்று காட்ட, திரையின் வலது மூலையில் அம்புக்குறியோடு ஒரு பலகை வரைந்தேன். இரண்டு நாள் வேலை. விளையாட்டு எப்படி இயங்கும் என்று எழுதிக் கொடுக்கும் டிசைன் டாகுமென்ட்டில் அதற்கு மட்டும் நான்கு பக்கம், ஃப்ளோசார்ட் வேறு.

ரிவியூவுக்கு முந்தைய இரவு, ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறும் அக்காவிடம் மொபைலைக் கொடுத்தேன். சின்ன வயதில் தரையில் கரிக்கோடு போட்டு இதை ஆடியவர். விளையாடிப் பார்க்கிறவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் ஆட்டை மூலையில் வைத்தார். அதற்குப் பின்னால் புலி குதித்து இறங்க இடமில்லை என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புலி நகர்ந்தது. அக்கா அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இப்ப யாரு முறை பாப்பா?" என்றார். கண் முழுக்கக் காய்களின் மேல்தான். என் பலகைப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை.

அன்றிரவே பலகையைத் தூக்கிவிட்டு, அடுத்து வைக்க வேண்டிய ஆடு லேசாகத் துள்ளும்படி செய்தேன். பத்து நிமிஷம் ஆனது. காலையில் டிபன் வேளை முடிந்ததும் அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் ஆடி, என் மூன்று புலிகளையும் அடைத்துவிட்டுப் பாத்திரம் எடுக்கப் போனார். அன்று மதியம் ரிவியூவில், டாகுமென்ட்டில் உள்ளது திரையில் இல்லை என்று மதிப்பெண் குறைந்தது. கோபமில்லை என்று சொன்னால் பொய்.

என் தப்பும் உண்டு. மெனுவுக்கு ஓலைச்சுவடி மாதிரி பின்னணி வரைந்தே மூன்று வாரத்தைக் கரைத்தேன். ஆனால் கடைசி வாரத்தில் ஐந்து பேப்பருக்கும் சேர்த்து சப்மிஷன் வைத்தது நான் இல்லை. லேபில் அனிமேஷன் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்க, நான் ஸ்பைரல் பைண்டிங்குக்காக ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்றேன். விளையாடிப் பார்க்க மிஞ்சியது அந்த ஒரு ராத்திரி.

முதல் செமஸ்டரில் நீங்கள் நடத்திய, பாங் என்ற டேபிள் டென்னிஸ் வீடியோ கேமின் கதை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதுவும் ஓர் அசைன்மென்ட்தானே? 1972ல் அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்கு, கை பழகட்டும் என்று அதை நிறுவியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் கொடுத்த வேலை. மட்டையை எட்டுப் பகுதியாகப் பிரித்து, எங்கே படுகிறதோ அதற்கேற்பப் பந்து திரும்பும் கோணத்தை மாற்றியது ஆல்கார்ன். மட்டை திரையின் உச்சி வரை எட்டாதது சர்க்யூட்டில் இருந்த குறை. அதைச் சரிசெய்யாமல் விட்டார்கள், ஏனென்றால் சரிசெய்துவிட்டால், நன்றாக ஆடுகிற இருவர் சேரும்போது ஆட்டம் முடியவே முடியாது. எங்கள் ரிவியூ படிவத்தில் அந்தக் குறைக்கு எத்தனை மதிப்பெண் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

டாகுமென்ட் வேண்டாம் என்று கேட்கவில்லை. எழுத வராத டிசைனரை நானும் நம்ப மாட்டேன். கேட்பது இதுதான்: விளையாடக்கூடிய பதிப்பை முதலில் வாங்குங்கள், டாகுமென்ட்டை இரண்டு வாரம் கழித்து. நடுவில் ஒரு வாரமாவது வேறு சப்மிஷன் எதுவும் வேண்டாம். யார் விளையாடினார்கள், எங்கே தடுமாறினார்கள், பிறகு எதை மாற்றினோம் என்று குறித்த நோட்டுக்கும் இன்டர்னலில் கொஞ்சம் மதிப்பெண் ஒதுக்குங்கள். ஐந்து பேப்பரின் தேதிகளையும் ஆசிரியர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தால், அப்புறம் நாங்கள் தனித்தனியாக வந்து அவகாசம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.

என் நோட்டைப் பார்க்க வேண்டுமானால் துறை அலுவலகத்தில் கொடுக்கிறேன். சில பக்கங்களில் சாம்பார் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி